அம்மாவின் கையா, கத்தியா?

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: “இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் வேணாம்டா. எல்லாரும் வெளியில சாப்பிட்டுக்கலாம். என் கைக்கு முடியல.”

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாடு பதினைந்து ஆண்டுப் பழக்கம். பொங்கோலிலிருந்து அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லாரும் ஈசூனில் இருக்கும் எங்கள் வீவக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாரத்தில் மற்ற நாள்களில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நேரம். குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு வேளைதான்.

யோசித்துப் பார்த்தால், அந்த அறிவிப்பு திடீரென்று வந்ததில்லை. ஓராண்டாகவே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. முதலில் வாழைப்பூ வடை நின்றது. பிறகு பூசணிக்காய்க் கூட்டு. கோழியைக் கடையிலேயே சிறு துண்டுகளாக வெட்டி வாங்கச் சொன்னார். தக்காளியை நறுக்குவதற்குப் பதில் கையாலேயே பிசைந்து குழம்பில் போட்டார். வயதாகிறது என்று எங்களுக்குள் நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். அம்மாவுக்கு 68 வயது. கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம் இருப்பதாகப் பலதுறை மருந்தகத்திலும் சொல்லியிருந்தார்கள். அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, “நான் நறுக்கித் தரேன், நீங்க சமைங்க” என்று அடுப்படியில் புகுந்தேன். பாதிப் பூசணியை வெட்டப் போனேன். கத்தி தோலில் இறங்காமல் வழுக்கி, என் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் வந்து நின்றது. நகம் இருந்ததால் விரல் தப்பியது. தக்காளியை வெட்டினால் தோல் உள்ளே அமுங்கி, சாறு சட்டையில் தெறித்தது. இருபது நிமிடத்தில் என் மணிக்கட்டு வலித்தது. எனக்கு வயது 41. தேய்மானம் எதுவும் கிடையாது.

“அம்மா, இந்தக் கத்தி எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“எப்படி இருக்கு? நல்லாத்தானே இருக்கு. கொஞ்சம் அழுத்திப் பிடிக்கணும், அவ்வளவுதான்.”

அது நான் வாங்கிக் கொடுத்த கத்தி. முதல் போனஸ் வந்தபோது, 14 ஆண்டுகளுக்கு முன், ஜெர்மானியக் கத்தி என்று பெருமையாக வாங்கி வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதை நான் கையில் எடுத்து ஒரு வெங்காயம் நறுக்கியதில்லை. ஒரு முறைகூட யாரும் அதைச் சாணை பிடித்ததில்லை. போதாக்குறைக்கு, பூப்போட்ட ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்துத்தான் அம்மா நறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மிகக் கடினமானது. ஒவ்வொரு வெட்டிலும் கத்தியின் வாய் கண்ணாடியில் மோதி மடங்குகிறது. 14 ஆண்டுகள் அப்படி மோதியிருக்கிறது.

அன்று மாலையே கத்தி வாங்கக் கிளம்பினேன். கடைச் சுவர் முழுக்கக் கத்திகள். 8 வெள்ளிக்கும் இருந்தது, 600 வெள்ளிக்கும் இருந்தது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் கண்ணைப் பறித்தது, நீரலை போல வரிகள் ஓடும் ‘டமாஸ்கஸ்’ கத்தி. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கும் நம் ஊருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. அந்த வாள்களுக்குப் புகழ் சேர்த்த எஃகு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்தது. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால், இன்றைக்குக் கடையில் தொங்கும் கத்தியின் வரிகள் வேறு. இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இணைத்து, அமிலத்தில் நனைத்து வரிகளைத் தெரிய வைக்கிறார்கள். பெரும்பாலான கத்திகளில் இந்த அடுக்குகள் வெளிப்போர்வைதான். வெட்டுவது நடுவில் இருக்கும் ஒற்றை எஃகு. வரிக்குக் கொடுக்கும் காசு அழகுக்கானது.

அந்த வரிகளை விட்டுவிட்டு மூன்று கத்திகளை வாங்கினேன். தாய்லாந்தில் செய்த, மரப்பிடி போட்ட மெல்லிய கத்தி: 8 வெள்ளி. புதிய ஜெர்மானியக் கத்தி, 20 சென்டிமீட்டர்: 159 வெள்ளி. ஜப்பானிய சாண்டோகு: 180 வெள்ளி. காய், மீன், இறைச்சி மூன்றுக்கும் ஆகும் என்பதுதான் அந்தப் பெயருக்கு அவர்கள் சொல்லும் விளக்கம். வீட்டுப் பழைய கத்தியையும் சேர்த்து நான்கு. விலைச்சீட்டுகளைக் கிழித்துவிட்டு அம்மாவின் முன் வைத்தேன்.

“இதெல்லாம் எவ்வளவுடா?”

“அப்புறம் சொல்றேன்மா. முதல்ல வெட்டிப் பாருங்க.”

கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்துவிட்டு ஒரு மரப்பலகையைப் போட்டோம். சோதனை எளிமையானது. போன வாரத்து இதே இதழின் ஒரு பக்கத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு வெட்டுவது. பழுத்த தக்காளியை அழுத்தாமல், கத்தியின் எடையாலேயே அறுப்பது. வெங்காயம், கேரட், பூசணி, எலும்பில்லாத கோழித்தொடை.

பழைய கத்தி தாளைக் கிழித்தது, வெட்டவில்லை. புதிய மூன்றும் தாளைச் சத்தமில்லாமல் அறுத்தன. தக்காளியில் ஜப்பானியக் கத்தி முதலிடம். வைத்து இழுத்தாலே உள்ளே போனது. 8 வெள்ளிக் கத்தி அதற்கு மிக அருகில் வந்ததுதான் ஆச்சரியம். கேரட்டில் வேறு கதை. தாய்லாந்துக் கத்தியும் ஜப்பானியக் கத்தியும் வழுக்கிக்கொண்டு இறங்கின. ஜெர்மானியக் கத்தி பாதி தூரம் போனதும், கேரட் ‘டப்’பென்று பிளந்து உருண்டது. பூசணியில் அதற்கு நேர்மாறு. தாய்லாந்துக் கத்தி வளைந்து பயமுறுத்தியது. ஜெர்மானியக் கத்திதான் அசையாமல் இறங்கியது.

கூர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு மூன்று குணங்கள் கலந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தியின் வாய் எவ்வளவு நுண்மையாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அந்த வாய்க்குப் பின்னால் உடல் எவ்வளவு மெலிவாக இருக்கிறது என்பது இன்னொன்று. முதுகு தடித்த கத்தி, வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், கேரட்டுக்குள் ஆப்பு அடித்தது போல இறங்கிப் பிளக்கும். மெலிந்த கத்தி சறுக்கிச் செல்லும். ஆனால், பூசணி, சேனை போன்றவற்றை வெட்டும்போது நெளியும்.

மூன்றாவது குணம், அந்தக் கூர் எத்தனை நாள் தாங்கும் என்பது. கடையில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தொழிற்சாலையிலிருந்து வரும் அன்று எந்தக் கத்தியும் தாளை வெட்டும். அதனால்தான் கத்திகளுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 8442-5 இரண்டு மதிப்பெண்கள் தருகிறது. கத்தியை இயந்திரத்தில் பொருத்தி, சிலிக்கா துகள் கலந்த தாளை அறுக்க விடுவார்கள். முதல் சில இழுப்புகளில் எவ்வளவு ஆழம் வெட்டியது என்பது ஒரு மதிப்பெண். 60 இழுப்புகள் முடிந்தபின் மொத்தம் எவ்வளவு வெட்டியது என்பது இரண்டாவது.

எங்கள் வீட்டில் இயந்திரம் இல்லை. அதனால், ஆறு வாரம் நான்கு கத்திகளையும் மாற்றி மாற்றிப் புழங்குவது, எதையும் தீட்டக்கூடாது, ஞாயிறுதோறும் ஒரு தக்காளியால் சோதிப்பது என்று முடிவு செய்தோம்.

தாய்லாந்துக் கத்தி பத்து நாளில் தளர்ந்தது. ஜெர்மானியக் கத்தி நான்காம் வாரம் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கியது. ஜப்பானியக் கத்தி ஆறு வாரமும் தாங்கியது. ஆனால், அதன் வாயில் ரவை அளவுக்கு இரண்டு சில்லுகள் பெயர்ந்திருந்தன. குற்றவாளி நான்தான். அவசரத்தில் ஒரு நாள் அதை வைத்துக் கோழி எலும்பை வெட்டினேன்.

இதற்கெல்லாம் காரணம் எஃகின் கடினம். ‘ராக்வெல்’ என்ற அளவுகோலில் அதைச் சொல்வார்கள். ஜெர்மானியச் சமையல் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை இருக்கும். என் சாண்டோகுவில் இருப்பது விஜி10 என்ற ஜப்பானிய எஃகு. அது 60ஐ ஒட்டி இருக்கும். எண் கூடினால் கூர் நீடிக்கும், மெலிவாகவும் தீட்டலாம். ஆனால், கடினமானது வளையாது, உடையும். எலும்பு, உறைந்த இறைச்சி, தேங்காய் இவற்றிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது. சற்று மென்மையான எஃகு, வாய் மடங்கினாலும் உடையாது. தீட்டுக்கோல் என்று கத்திப் பெட்டியோடு ஒரு நீளக் கம்பி வருமே, அதில் நாலைந்து முறை இழுத்தால் மடங்கிய வாய் நிமிர்ந்துவிடும். நான்காம் வாரம் வழுக்கிய ஜெர்மானியக் கத்தியை ஆறு வாரம் முடிந்ததும் அப்படி இழுத்துப் பார்த்தேன். அரை நிமிடத்தில் மறுபடி தக்காளியை அறுத்தது.

அந்தக் கத்தியைக் கழுவி வைக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதன் பக்கவாட்டில் எக்ஸ்50 என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு பொறித்திருந்தது. அரை விழுக்காடு கார்பன், 15 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு என்று பொருள். மழுங்கிக் கிடந்த பழைய கத்தியை எடுத்துப் பார்த்தேன். தேய்ந்து போயிருந்தாலும் படிக்க முடிந்தது. அதே குறியீடு, அதே எஃகு. 159 வெள்ளி கொடுத்து நான் வாங்கி வந்தது, வீட்டில் ஏற்கெனவே இருந்த கத்தியை.

பழையதன் வாய் கம்பியால் நிமிரும் நிலையைத் தாண்டித் தேய்ந்திருந்தது. அதற்குக் கல் வேண்டும். 35 வெள்ளிக்கு ஒரு தீட்டுக்கல் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 என்று எழுதியிருக்கும். எண் கூடக் கூடக் கல் மிருதுவாகும். 1000 கூர் ஏற்ற, 3000 மெருகேற்ற. காணொளிகளைப் பார்த்துவிட்டு, கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வைத்து, அடியில் ஈரத்துணி விரித்து, மேசையில் உட்கார்ந்தேன்.

அறையிலிருந்து வந்த அம்மா சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்படியில்ல. கத்திய ரொம்ப தூக்குற. குடு இங்க.”

கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். கத்தியைச் சாய்த்து வைத்தார். முதுகுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. பிறகு நான் அளந்து பார்த்தேன். நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகு 1.2 சென்டிமீட்டர் உயர்ந்தால் கோணம் 15 டிகிரி. காணொளியில் சொன்னதும் அதுதான். அம்மா எந்தக் காணொளியும் பார்த்ததில்லை.

அம்மா வளர்ந்தது ஜொகூரில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பாட்டி மரம் சீவப் போனவர். விடியுமுன் பெரட்டு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், லயத்து வாசலில் உட்கார்ந்து பாட்டி சீவுகிற கத்தியைத் தீட்டுவாராம். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பது அம்மாவின் வேலை. ரப்பர் மரத்தின் பட்டையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்தினால் அது பட்டையைத் தாண்டி, உள்ளே இருக்கும் வளர்படலத்தில் இறங்கும். மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும்.

“மரத்துல காயம் பட்டா கங்காணி திட்டுவாரு. அதுக்குப் பயந்தே பாட்டி தினமும் தீட்டுவாங்க” என்றார் அம்மா.

“இவ்வளவு தெரிஞ்சும் நம்ம வீட்டுக் கத்திய ஏம்மா இப்படி விட்டீங்க?”

கை நிற்காமலே பதில் சொன்னார். “நீ வாங்கிக் குடுத்தது. வெளிநாட்டுக் கத்தி. அதுக்கெல்லாம் மழுங்காதுன்னு நினைச்சேன். என் கைதான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசையாக ஒரு பொருளை வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். அதைக் குறை சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று அவரும் இருந்துவிட்டார்.

ஒரு பக்கம் தீட்டி முடித்ததும், மறுபக்கத்தை விரலால் உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தடவிக் காட்டினார். வாய் நெடுக மெல்லிய பிசிறு தட்டுப்பட்டது. அந்தப் பிசிறு முழு நீளத்துக்கும் வந்தால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் முடித்து, 3000இல் சில இழுப்பு. நாற்பது நிமிடம் ஆனது. பழைய கத்தி தாளை வெட்டியது. தக்காளியை அழுத்தாமல் அறுத்தது. புதிய ஜெர்மானியக் கத்திக்கும் அதற்கும் எங்களால் வேறுபாடு சொல்ல முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கூரான கத்தி மூட்டுத் தேய்மானத்தைக் குணப்படுத்தாது. அம்மாவின் கட்டைவிரல் இன்றும் வலிக்கிறது. ஆனால், இறைச்சி வெட்டும் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வுகளிலேயே, கத்தி கூராக இருந்தால் பிடியை இறுக்கும் விசை குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். வலிக்கிற மூட்டுக்கு அந்த வேறுபாடு சின்னதில்லை. கத்தியின் எடையும் கணக்கில் சேரும். எங்கள் சமையலறைத் தராசில் ஜெர்மானியக் கத்தி, தாய்லாந்துக் கத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

கடைசியில் அம்மா எதைத் தேர்ந்தெடுத்தார்? விலையெல்லாம் சொன்ன பிறகும், அன்றாடக் காய்கறிக்கு அவர் எடுப்பது 8 வெள்ளிக் கத்தியைத்தான். இலேசாக இருக்கிறது, கைக்குப் பாரமில்லை. பத்து நாளில் மழுங்கினால் என்ன, ஐந்து நிமிடத்தில் தீட்டிவிடலாம் என்கிறார். கல்லை எடுக்கச் சோம்பலாக இருந்தால், பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுக்கிறார். பூசணிக்கும் கோழிக்கும் பழைய கத்தி. அதைப் பிடிப்பது நான். ஜப்பானியக் கத்தியின் சில்லுகளைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்தோம். மீனுக்கும் வெங்காயத்துக்கும் என் மனைவி அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. புதிய ஜெர்மானியக் கத்தி அக்கா வீட்டுக்குப் போனது, ஒரு மரப்பலகையோடு.

கத்தி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். கையில் 100 வெள்ளி இருந்தால் அதில் 35ஐக் கல்லுக்கும் 20ஐ மரப்பலகைக்கும் ஒதுக்கிவிடுங்கள். மீதிக்குக் கிடைக்கும் கத்தி போதும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். கரண்டிகளோடு இழுப்பறையில் உருள விடாதீர்கள். இரண்டுமே வாயைக் கெடுக்கும். தீட்டப் பொறுமை இல்லையா, சாணை பிடித்துத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ போகும்போது, அடுப்படிக்குள் சென்று அவர்கள் புழங்கும் கத்தியால் ஒரு தக்காளியை நறுக்கிப் பாருங்கள். “கத்தி எப்படி இருக்கு?” என்று அவர்களிடம் கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்றுதான் பதில் வரும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு நான் நறுக்க உட்காருகிறேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கலன்று ஓராண்டு கழித்து வாழைப்பூ வடை வந்தது. பூவை ஆய்ந்து பொடியாக நறுக்கியது அம்மாதான், 8 வெள்ளிக் கத்தியால். முந்தின நாள் சாயங்காலம் அதைத் தீட்டும்போது, தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.